சிரிக்கக் கூடாத கால் மணி நேரம்

கத்பர்ட் டன்னிங்கின் மீசையை அந்த ஒரே நாளில், சாயங்காலம் ஐந்தரைக்குள்ளேயே, நான் பத்தொன்பது தடவை ஒட்டிவிட்டேன். பத்தொன்பது! இருபது வருஷமாக இந்த ஸ்டூடியோவில் தாடி, மீசை, சவுரி என்று உயிரை விடுகிறேன். கடற்கொள்ளையர் படத்தில் நாற்பது தாடியை ஒரே காலையில் ஒட்டியிருக்கிறேன். அந்த நாற்பது பேரும் சேர்ந்து படுத்தாத பாட்டை இந்த ஒரு கிழ நடிகர் ஒற்றை மீசையை வைத்துப் படுத்திவிட்டார். மனுஷன் சிரித்தால் மேலுதடு வியர்க்கும், வியர்த்தால் பசை விடும். ஒரு சிரிப்புக்கு ஏழு நிமிஷம் போச்சு.

ஆனால் அவரைச் சொல்லிக் குற்றமில்லை. எல்லாம் எட்னா செய்த வேலை.

வெளியுலகத்துக்கு அவள் வெரிட்டி லோர்ன். கிரிம்ஸ்பியில் மீன் கடைக்காரர் ஸ்னாட்டின் மகள் எட்னா ஸ்னாட்டை, பத்தொன்பது வயதில் ஸ்டூடியோ பிடித்துவந்து பெயரை மாற்றியது, பல்லை நேராக்கியது, தலையில் புத்தகத்தை வைத்து நடக்கப் பழக்கியது. அப்புறம் பதினொரு வருஷம் என்ன செய்தது தெரியுமா? வானத்தைப் பார்க்க வைத்தது. போர்ப் படம் என்றால் விமானியின் மனைவி வேண்டுமே! வேலி ஓரமாக நின்று, தலைக்குட்டை பறக்க, மேலே பார்த்து, "அவர் வந்துடுவார்" என்று சொல்ல வேண்டும். ஏழு படத்தில் சொன்னாள். ஐந்து படத்தில் அவர் வரவேயில்லை.

என் நாற்காலியில் உட்கார்ந்தால் மட்டும் அவள் வேறு ஆள். ஸ்டூடியோ நிர்வாகி டூக் நடக்கிற நடை, கேன்டீன்காரி அவித்த முட்டைக்கோஸைப் பரிமாறுகிற அலட்சியம், அவளுடைய அம்மா மீனுக்குப் பேரம் பேசுகிற குரல் என்று ஒவ்வொன்றாகச் செய்து காட்டுவாள். நான் வயிற்றைப் பிடித்துக்கொண்டு தரையில் உட்கார்ந்துவிடுவேன். "இதையெல்லாம் கேமரா முன்னால பண்ணேன்டி" என்பேன். "யாரு கேக்கறாங்க மேவிஸ்? என் மூஞ்சி சோகத்துக்குத்தான் பொருத்தமாம்" என்பாள்.

அந்த ஏப்ரலில் கேட்டார்கள். நகைச்சுவைப் படம் ஒன்றில் கதாநாயகியாக நடிக்க இருந்தவளுக்குப் பொன்னுக்கு வீங்கி வந்து, இரண்டு கன்னமும் பூசணிக்காயாகிவிட்டது. ஸ்டூடியோ சம்பளத்தை வாங்கிக்கொண்டு சும்மா இருந்தது எட்னா ஒருத்திதான். டூக் வேண்டா வெறுப்பாகச் சரி என்றார். எனக்கு அன்றைக்குத் தலைகால் புரியவில்லை, பாக்கி இருந்த சவுரிக்கெல்லாம் சுருள் போட்டுத் தள்ளினேன்.

படம் முழுக்க ஒழுங்காகப் போனது. கடைசி நாள், கடைசிக் காட்சிதான் எமனாக வந்தது. குமாஸ்தாவின் மனைவி, கணவனின் முதலாளி வீட்டுக்கு விருந்துக்குப் போகிறாள். முதலாளியின் (அதுதான் டன்னிங்) நாய் மேஜர் அன்று காலையில்தான் செத்திருக்கிறது. மேஜையில் ட்ரைஃபிள் என்கிற இனிப்பு வருகிறது. ஜெல்லிக்கும் கேக்குக்கும் நடுவில் ஷெர்ரி மது தாராளமாக ஊற்றியிருக்கிறது. அவள் கரண்டி கரண்டியாகச் சாப்பிட்டுக்கொண்டே, போதை ஏற ஏற, அந்த நாய்க்கு இரங்கல் சொல்ல வேண்டும். நடுவில் வெட்டே இல்லை, ஒரே மூச்சில் நாலு நிமிஷம். விளக்குச் சூட்டில் நிஜக் கிரீம் உருகிவிடும் என்று மேலே உருளைக்கிழங்கு மசித்துப் போட்டிருந்தார்கள். காலையிலிருந்து அந்தக் கண்றாவியைத்தான் எட்னா தின்றுகொண்டிருந்தாள்.

"உங்க மேஜர் மாதிரி ஒரு நல்ல ஜீவனை நான் பாத்ததே இல்லை சார். என்னை ஒரே ஒரு தடவைதான் கடிச்சான். அதுவும் மரியாதையா." ஒரு கரண்டி. ஒரு விக்கல். "என் வீட்டுக்காரரையும் கடிச்சான். அதுல ஒரு நியாயம் இருந்துது."

இதை அவள் தேவாலயத்தில் நிற்கிற மாதிரி முகத்தை வைத்துக்கொண்டு சொல்வாள். டன்னிங்கின் தோள் ஆட ஆரம்பிக்கும். மீசையின் இடது நுனி எழுந்து நிற்கும். போச்சு!

"நாப்பது வருஷம்மா! நாப்பது வருஷ மேடையில நான் சிரிச்சதில்லை. ஒரு தடவை சவப்பெட்டியே மேலேர்ந்து விழுந்துது, அப்பக்கூட சிரிக்கலை" என்று என்னிடம் புலம்பினார், நான் பசை தடவும்போது.

"பேசாதீங்க சார், உதடு ஆடுது. காலைலேர்ந்து உங்க வாயோடதான் எனக்குக் குடித்தனம்."

டன்னிங் அடங்கினால் கேமராக்காரன் சிரித்தான். அவன் அடங்கினால் மேலே பரணில் விளக்குப் பிடிக்கிறவன் சிரித்தான். ஒலிப்பதிவு ஆளைத் திட்டி முடிப்பதற்குள் தச்சன் ஒருவன் ஆரம்பித்தான். எனக்கு மூக்குக்கு மேல் கோபம். "அறிவிருக்காடா உங்களுக்கு? ஒரு பொண்ணோட பொழைப்புடா இது! துணியை எடுத்து வாயில அடைச்சுக்கங்க!" என்று எல்லோரையும் பேர் சொல்லித் திட்டினேன். இயக்குநர் கோம் பாவம், தொப்பியை முகத்தில் கவிழ்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார். தொப்பியும் ஆடிக்கொண்டுதான் இருந்தது.

ஐந்தரைக்கு டூக் வந்தார்.

"நாளைக்குக் காலைல இந்த செட்டைப் பிரிக்கிறாங்க. அடுத்த படத்துக்குக் கப்பல் செட் உள்ள வருது. இன்னிக்கு முடியலைன்னா இந்தக் காட்சியே வேண்டாம். அந்தப் பொண்ணு ஜன்னலோரமா நின்னு தோட்டத்தைப் பாக்கட்டும், அரை நிமிஷத்துல எடுத்துடலாம். அது அவளுக்கு வரும்."

எட்னா காதில் விழும்படியாகவே சொன்னார். அவளுடைய ஒப்பந்தம் முப்பதாம் தேதியோடு முடிகிறது என்பதும், ஸ்டூடியோ அதை நீட்டிக்குமா என்பது இந்தப் படத்தைப் பொறுத்தது என்பதும் அங்கே எல்லோருக்கும் தெரியும். இந்தக் காட்சி இல்லை என்றால் படத்தில் அவள் இல்லை.

முகப்பவுடரைச் சரிசெய்கிற சாக்கில் அவளை மூலைக்கு இழுத்துப் போனேன். கை ஜில்லென்று இருந்தது.

"மேவிஸ், நான் கொஞ்சம் மட்டமா பண்ணட்டுமா? அப்ப யாரும் சிரிக்கமாட்டாங்க, காட்சி முடிஞ்சுடும்."

"வாயில வந்துடும் எனக்கு! பதினொரு வருஷமா மட்டமா பண்ணித்தானே இங்க நிக்கறே? நல்லாப் பண்ணு. சிரிக்கிறவங்களை நான் பாத்துக்கறேன்."

ஐந்து ஐம்பதுக்கு வேலை முடியும் மணி. அதற்கு மேல் ஒரு நிமிஷம் வேண்டுமானாலும் தொழிற்சங்கத்தைக் கேட்க வேண்டும். கேட்டால் கால் மணி நேரம் கிடைக்கும், அதுவும் எல்லாப் பிரிவும் கை தூக்கினால். எங்கள் சங்கத்து ஆள் ஆல்ஃப் டேப்லி, விளக்குப் பிரிவு. சிரித்து யாரும் பார்த்ததில்லை. எட்டு வருஷமாகச் சங்கத்தைக் கட்டி ஆள்கிறான், ஒரு தடவைகூடக் கால் மணிக்குக் கை தூக்கியதில்லை. மணி அடித்தால் நடிகை அழுதுகொண்டிருந்தாலும் விளக்கை அணைத்துவிட்டு சைக்கிளில் ஏறிவிடுவான்.

கோம் போய்க் கேட்டார். ஆல்ஃப் ஒரு பெட்டி மேல் ஏறினான்.

"தோழர்களே, கால் மணி கேக்கறாங்க. தச்சுப் பிரிவு?"

எல்லாக் கையும் மேலே போனது.

"கேமரா? ஒலி? பெயின்ட்?"

கை, கை, கை. பரண் மேலிருந்து ஒருவன் இரண்டு கையையும் தூக்கினான், விழுந்து தொலைக்கப் போகிறானே என்று எனக்குப் பதறியது.

"விளக்கு?" ஆல்ஃப் தன் ஆட்களைப் பார்த்தான். அத்தனை பேரும் தூக்கியிருந்தார்கள், இவனைத் தவிர. "நான் வேண்டாம்னுதான் சொல்றேன். இன்னிக்குக் கால் மணி குடுத்தா நாளைக்கு அரை மணி கேப்பாங்க. ஆனா பிரிவு சொன்னா சொன்னதுதான். ஆறு அஞ்சு வரைக்கும். அதுக்கு மேல ஒரு நொடி கிடையாது."

எனக்குக் கையும் ஓடவில்லை, காலும் ஓடவில்லை. இருபதாவது தடவையாக மீசையை எடுத்தேன். பசை தடவினேன், அழுத்தினேன், ஓடினேன். ஆறு மணி ஆக ஒரு நிமிஷம் இருந்தபோது கேமரா ஓட ஆரம்பித்தது.

அறுபது பேரும் வாயை அடைத்துக்கொண்டு நின்றார்கள். தொப்பி, கையுறை, மப்ளர், எது கிடைத்ததோ அது. டன்னிங் ஒரு கொண்டை ஊசியை உள்ளங்கையில் அழுத்திக்கொண்டு கல்லாக உட்கார்ந்திருந்தார். மரியாதையாகக் கடித்த வசனம் தாண்டியது. நியாயம் இருந்த வசனமும் தாண்டியது. ஒரு சத்தமில்லை. இன்னும் ஒரு நிமிஷம்தான் பாக்கி, எனக்குக் கண்ணில் தண்ணீரே வந்துவிட்டது.

அப்போதுதான் பார்த்தேன். அவசரத்தில் மீசையைக் கோணலாக ஒட்டியிருக்கிறேன்! ஒரு பக்கம் மூக்கை நோக்கி, ஒரு பக்கம் தாடையை நோக்கி. எட்னாவும் பார்த்துவிட்டாள். கரண்டியைக் கீழே வைத்தாள். மேஜைக்குக் குறுக்கே மெதுவாகச் சாய்ந்தாள். ஒற்றை விரலால், ரொம்ப இரக்கத்தோடு, முதலாளியின் மீசையை நேராக நகர்த்தினாள்.

"துக்கம்," என்றாள், விக்கிக்கொண்டே, "எல்லாரையும் ஒரு பக்கமா சாச்சுடுது சார்."

கனைத்தது யார் என்று எல்லோரும் திரும்பினார்கள். நான்தான். நாள் முழுக்க ஊரையே திட்டின நான், குதிரை மாதிரிக் கனைத்து, அடக்கப் போய், மூக்கு வழியாக இன்னொரு கனைப்பு வந்து, பவுடர் டப்பாவோடு கீழே உட்கார்ந்துவிட்டேன்.

"நிறுத்து" என்றார் கோம்.

சுவர்க் கடிகாரத்தில் ஆறு நாலு. எட்னா என்னைப் பார்த்தாள். கோபம்கூட இல்லை அவள் முகத்தில், அதுதான் தாங்க முடியவில்லை. பூமி பிளந்து என்னை விழுங்கிவிடக் கூடாதா என்றிருந்தது.

"முடிஞ்சுது," என்றார் டூக். "டேப்லி, விளக்கை அணைச்சுடுங்க. ஜன்னல் காட்சியை நாளைக்கு வெளியில எடுத்துக்கலாம்."

ஆல்ஃப் நகரவில்லை. கோட்டுப் பைக்குள் கையை விட்டு, சங்கிலிக் கடிகாரத்தை எடுத்து, மூடியைத் திறந்து நிதானமாகப் பார்த்தான்.

"என் கடிகாரத்துல அஞ்சு ஐம்பத்தாறு."

"விளையாடறீங்களா? சுவத்துல பாருங்க!"

"சங்க ஒப்பந்தத்துல சுவத்துக் கடிகாரம்னு போடலையே சார். சங்கத்து ஆளோட கடிகாரம்னுதான் போட்டிருக்கு. ஏழாவது ஷரத்து. வேணும்னா எடுத்துப் படிங்க." மூடியை டப்பென்று மூடினான். "விளக்கு எரியும்."

அந்த ஏழாவது ஷரத்தை வைத்து எட்டு வருஷமாக டூக்கின் கழுத்தை அறுத்தவன் அவன்தான். டூக் ஒரு நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தார்.

கோம் என்னிடம் ஓடிவந்தார். "மேவிஸ், அந்த மீசை. அதே மாதிரிக் கோணலா ஒட்டுங்க."

இருபது வருஷத்தில் தெரிந்தே ஒரு மீசையைக் கோணலாக ஒட்டியது அன்றைக்குத்தான். அவசரத்தில் கோணல் தானாகவே நன்றாக வந்தது. ஒட்டி முடித்ததும் டப்பாவைத் தூக்கிக்கொண்டு நேரே கதவுக்கு நடந்தேன்.

"எங்க போறே?" என்றாள் எட்னா.

"வெளியில. நான் இருந்தா சிரிப்பேன்டி, எனக்கு என் மேல நம்பிக்கை இல்லை."

கதவை மூடினார்கள். மேலே சிவப்பு விளக்கு எரிந்தது. வெளியே சைக்கிள் கொட்டகையோரம் தூறிக்கொண்டிருந்தது. உள்ளேயிருந்து ஒரு சத்தமும் வராது, அவ்வளவு கனமான கதவு. இப்போது விக்குவாள், இப்போது கரண்டியை வைப்பாள் என்று கணக்குப் போட்டபடி சிவப்பு விளக்கையே பார்த்துக்கொண்டு நின்றேன். கடவுளே, அவங்க வாயைக் கட்டு, அவங்க வாயைக் கட்டு.

விளக்கு அணைந்தது. சத்தமில்லை. கதவும் திறக்கவில்லை. யாரோ கெடுத்துவிட்டார்கள்.

அப்புறம் கதவு திறந்தது. அம்மாடி, அந்தச் சத்தம்! நாலு நிமிஷம் அடக்கிவைத்த அறுபது பேர் சிரிப்பு மொத்தமாக வெளியே வந்து விழுந்தது. ஒருவன் தோளை ஒருவன் பிடித்துக்கொண்டு, அழுதுகொண்டு, இருமிக்கொண்டு வந்தார்கள். டன்னிங்கின் மீசை அவர் காதோரம் தொங்கியது. ஆல்ஃப் விறைப்பாகப் படியிறங்கி வந்தான், சைக்கிளைப் பிடித்தான், ஏறப் போனான், முடியவில்லை. கைப்பிடி மேல் தலையை வைத்துக் குலுங்கக் குலுங்கச் சிரித்தான். பின்னாலேயே டூக் மூக்குக் கண்ணாடியைத் துடைத்துக்கொண்டு வந்து, "முப்பதாம் தேதி வரைக்கும் எதுக்குக் காத்திருக்கணும்? அந்தப் பொண்ணை நாளைக்குக் காலைல வந்து புது ஒப்பந்தத்துல கையெழுத்துப் போடச் சொல்லுங்க" என்று என்னிடம் சொல்லிவிட்டு அவசரமாகப் போனார், இன்னொரு தடவை சிரிப்பு வந்துவிடுமோ என்று பயந்தவர் போல.

கடைசியாக எட்னா ஓடிவந்தாள், மோவாயில் உருளைக்கிழங்கோடு. என்னைக் கட்டிப்பிடித்தாள். இரண்டு பேரும் ஒன்றாக அழுதோம், அதில் வெட்கமென்ன?

"நல்லா வந்துச்சா மேவிஸ்?"

"நான் எங்கடி பாத்தேன்? கதவைத்தான் பாத்துக்கிட்டு இருந்தேன்."

அவள் என்னை விலக்கி முகத்தைப் பார்த்தாள். "பதினொரு வருஷமா நீ ஒருத்திதானே என்னைப் பாத்து சிரிச்சே!" என்றாள். என் தோளைப் பிடித்து அழுத்தி ஒரு மரப்பெட்டி மேல் உட்காரவைத்தாள். தூறலில் முடியெல்லாம் நனைய, கையில் இல்லாத கரண்டியைப் பிடித்துக்கொண்டு, முதல் வார்த்தையிலிருந்து ஆரம்பித்தாள். நாலு நிமிஷமும் செய்தாள், எனக்கு மட்டும். நான் வாயைப் பொத்தாமல் சிரித்தேன்.