ராக்ஸியோடு யார் ஓடுவது?

சுரங்கத் தொழிலாளர் லைனில் வரிசையாக நிற்கும் வீடுகளில் ஒன்று எங்களுடையது; மொத்தமே இரண்டு அறை. ஒன்றில் கட்டிலும் ஆக்சிஜன் மெஷினும். மற்றதில் நான் சமைத்து, துவைத்து, யாரையாவது திட்டிக்கொண்டிருக்கிறேன். இந்த வீட்டுக்கு ஒரு டால்மேஷியன் நாய் வேண்டும் என்று என் வீட்டுக்காரர் ஆனந்தன் கேட்டபோது எனக்கு வந்த கோபம் கொஞ்சநஞ்சமல்ல.

நாய் டென்சிலுடையது. எங்களுக்குப் பின் லைனில் இருக்கும் டென்சில், பெங்களூரில் மகளோடு போய் இருக்கப் போகிறார். மாடி ஃபிளாட்டில் ராக்ஸிக்கு இடமில்லை. "ஒரு வாரம் வெச்சுப் பாருங்க, சரிப்படலன்னா நான் வேற இடம் பாக்கறேன்" என்று சங்கிலியை இவர் கையில் கொடுத்தார். ஒளிக்காமல் சொல்லவும் சொன்னார்: "இது வாசல்ல படுத்துக்கற நாய் இல்ல, ஆனந்தன். காலைல ஒரு மணி நேரம், சாயங்காலம் ஒரு மணி நேரம் ஓடணும். ஓடலன்னா வீட்டை உண்டு இல்லன்னு பண்ணிடும்."

பண்ணியது. தலையணையைக் கிழித்து வீடெங்கும் பஞ்சைப் பறக்கவிட்டது. என் செருப்பில் ஒன்றைத் தின்றது. மெஷின் டியூபைக் கவ்வப் போனபோது நான் போட்ட கூச்சலில் பக்கத்து வீட்டு பார்வதம்மாவின் ஜன்னல்கூடத் திறந்தது. அந்த வீட்டில் எதுவும் திறந்து நான் பார்த்து நாளாகிறது.

"இன்னாங்க இது! குழாயடி வரைக்கும் போனாலே மூச்சு வாங்கறீங்க. உங்களுக்கு ஓடற நாய் ஒரு கேடா? தெருவுல எத்தினி நாய் சுருண்டு கெடக்குது, அதுல ஒண்ணக் கூப்ட்டு சோறு போடறேன்."

"அதெல்லாம் வேணாம். ஓடற நாய்தான் வேணும்."

சுரங்கத்துத் தூசி அவர் நுரையீரலைத் தின்றுவிட்டது. பிடிவாதத்தை மட்டும் தொடவில்லை. போன மாதம் கோலார் ஆஸ்பத்திரியில் டாக்டர் என்னை வெளியே நிற்கச் சொல்லிவிட்டு இவரோடு தனியாகப் பேசினார். பஸ் ஏறி உட்கார்ந்தோம். பிறகு, "ஒண்ணுமில்ல, அதே மாத்திரைதான்" என்றார். நான் மேற்கொண்டு கேட்கவில்லை. எனக்குப் பயமாக இருந்தது.

தலையணை கிழிந்த மறுநாள் நாய் சோற்றுப் பானையைக் கவிழ்த்தது. போதும்டா சாமி என்று சங்கிலியை எடுத்தேன். "இப்பவே டென்சில் வீட்ல உட்டுட்டு வரேன்."

"உக்காரு, நாகு." மூச்சு வாங்கி வாங்கிப் பேசினார். "சுரங்கத்துல எங்க கேங்ல எவனையும் தனியா அடி லெவலுக்கு அனுப்ப மாட்டோம். ஒருத்தனோட ஜோடி வரலன்னா, வேற ஜோடி போட்டப்புறம்தான் அவன் கீழ எறக்கற கேஜ்ல ஏறணும்."

"அந்தக் கதை இப்ப இன்னாத்துக்கு?"

பார்வதம்மா வீட்டுப் பக்கம் கையைக் காட்டினார். "புருஷன் ராஜப்பா செத்தப்புறம் அந்தம்மா வாசப்படி தாண்டுச்சா? நீயும் அப்டித்தான் உக்காந்துடுவ. படுத்துக் கெடக்கற நாயா இருந்தா அது கூடவே நீயும் படுத்துடுவ. இது உடாது. உன்ன வெளிய இழுத்துனு போவும். உனக்கு ஒரு ஜோடி போட்டுட்டுப் போலாம்னுதான்..."

"வாயைக் கழுவுங்க!" என்று கத்தினேன். அழுகையும் ஆத்திரமும் ஒன்றாக வந்தன. போகிற ஏற்பாட்டை என்னை ஒரு வார்த்தை கேட்காமல் செய்கிறாரே! அவர் மேல், டாக்டர் மேல், ஒன்றும் புரியாமல் வாலாட்டிக்கொண்டு நின்ற அந்த நாய் மேல், எல்லார் மேலும் ஆத்திரம்.

நாயை இழுத்துக்கொண்டு டென்சில் வீட்டுக்குத்தான் கிளம்பினேன். அதுவோ என்னை இழுத்துக்கொண்டு, சுரங்கத்துக் கழிவு மண் மலையாய்க் குவிந்த சயனைடு மேட்டுப் பக்கம் ஓடியது. "நில்லு, சனியனே!" என்று கத்திக்கொண்டே நானும் ஓடினேன். கல்யாணத்துக்கு அப்புறம் நான் அப்படி ஓடியதே இல்லை. லைன் முனையில் திரும்பிப் பார்த்தேன். டியூப் எட்டும் அளவுக்கு வாசலுக்கு வந்து, நிலையைப் பிடித்துக்கொண்டு நின்றார். போ, போ என்று கையை ஆட்டினார்.

நாயோடு நான் வீட்டுக்கே திரும்பி வந்தபோது அவர் அங்கேயே உட்கார்ந்திருந்தார்.

"எவ்ளோ தூரம் போன?"

"மேடு வரைக்கும்."

"எப்டி இருந்துச்சு?"

"நல்ல காத்து" என்றேன். சொல்லிவிட்டு என் நாக்கைக் கடித்துக்கொண்டேன். அவர் சிரித்தார். சிரிப்பு இருமலாகி அடங்க வெகுநேரம் ஆனது.

அதற்குப் பிறகு தினமும் ஓடினேன். நாயும் வீட்டில் அடங்கிக் கிடந்தது.

வாரம் முடிந்து டென்சில் வந்தார். இவர் கட்டிலில் சாய்ந்திருந்தார். "இன்னாம்மா, சரிப்படுமா? நெசமா சொல்லுங்க. ஆனந்தனால முடியாது. யாரு இது கூட ஓடறது?"

"நான்தான்" என்றேன். "இந்த வீட்ல வேற யாரு இருக்காங்க?"

சொன்ன பிறகுதான் அது என் காதிலேயே விழுந்தது. டென்சில் தலையைக் குனிந்துகொண்டார்.

"அப்பாடா" என்றார் இவர்.

கையை நீட்டி ராக்ஸியின் சங்கிலியை எடுத்து என்னிடம் கொடுத்தார். நான் வாங்கிக்கொண்டேன்.