கௌரிசங்கர் வாசித்த அரபி

அரபி பேசுவது வேறு, அரபி வாசிப்பது வேறு. இந்த உண்மையைப் பஹ்ரைனில் பத்தொன்பது வருடமாக ஒருவருக்கும் தெரியாமல் காப்பாற்றி வந்தவர் கௌரிசங்கர்.

மனாமா சூக்கில், அதாவது கடைத்தெருவில், அவருக்குத் திரைச்சீலைத் துணிக்கடை. ஓர் அரபு அம்மாள் வாசலில் வந்து நின்றால் போதும். நலம் விசாரிப்பார், பிள்ளைகளை விசாரிப்பார், விலையைச் சொல்லுவார். அவள் பாதி விலைக்குக் கேட்டதும் நெஞ்சைப் பிடித்துக்கொண்டு, "மாஃபி ஃபாய்தா" என்று லாபமே இல்லாத தன் வாழ்க்கைக்காக அழப்போவதுபோல் நிற்பார். இறங்குவார், ஏறுவார், கடைசியில் "ஆகிர் கலாம்" என்பார். முடிந்த பேச்சு, இதற்குமேல் இல்லை என்று அர்த்தம். அதைச் சொல்லிவிட்ட பிறகு அவர் வார்த்தை மாறியதாகச் சூக்கில் யாரும் சொல்ல முடியாது.

இவ்வளவும் வாயால். எழுத்து என்று வந்தால் எண்கள் தெரியும், கடைப்பலகையில் இருக்கும் சொந்தப் பெயர் தெரியும். அந்தப் பெயரையும் வேறு பலகையில் எழுதி வைத்தால் சந்தேகம்தான்.

வீடு ஈசா டவுனில். மகள் சம்யுக்தா பத்தாவது முடித்துவிட்டாள். பதினொன்றில் எந்தப் பிரிவு என்று எழுதி, அப்பாவின் கையெழுத்தோடு, வெள்ளி சனி விடுமுறை முடிந்து ஞாயிற்றுக்கிழமை பள்ளியில் கொடுக்க வேண்டிய படிவம் ஒரு வாரமாக அவள் பைக்குள் கிடந்தது.

"சயின்ஸ்னு எழுதிக் கொண்டா, கையெழுத்துப் போடுறேன்" என்றார் கௌரிசங்கர்.

"ஹ்யுமானிட்டீஸ்ப்பா. ஹிஸ்டரி, சைக்காலஜி."

"வரலாறா? அதை எவன் வாங்குவான்?"

"விக்கிறதுக்கு இல்லப்பா, படிக்கிறதுக்கு."

"விக்காத சரக்கை எதுக்கு உள்ள ஏத்துற?"

அடுப்படியிலிருந்து ஜெயலட்சுமி குரல் கொடுத்தாள். "ஏங்க, அவ உங்க பொண்ணு. கஸ்டமர் இல்ல."

"கஸ்டமரா இருந்தா இந்நேரம் ஒரு டீயக் குடுத்து மடக்கியிருப்பேன். கலாஸ். சயின்ஸ்தான்" என்று சொல்லிவிட்டுக் கடைக்குக் கிளம்பினார்.

கலாஸ், அதாவது முடிந்தது என்றுதான் சொன்னார். ஆகிர் கலாம் என்று சொல்லவில்லை. சம்யுக்தா அதைக் கவனித்துக்கொண்டாள்.

ஈசா டவுன் தமிழ்க் குடும்பங்கள் மாதம் ஒரு வெள்ளிக்கிழமை பிற்பகல் ஒரு சிறிய ஹாலை எடுத்து, எல்லாரும் சேர்ந்து படம் பார்ப்பது வழக்கம். என்ன படம் என்பதை ஒவ்வொரு மாதமும் ஒரு குடும்பம் முடிவு செய்யும். இந்த மாதம் கௌரிசங்கர் வீட்டு முறை. சம்யுக்தா ஒரு ஜப்பானியப் படத்தின் டிவிடியைக் கொடுத்தாள்.

தமிழ்ச் சங்கச் செயலாளர் கல்யாணசுந்தரம் உறையைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். "சண்டை இருக்குமாம்மா?"

"இல்ல அங்கிள். ஃபேமிலி, ஸ்கூல் பத்தின படம்."

"ஃபேமிலியும் ஸ்கூலும்தான் தினம் நம்ம வீட்லயே ஓடுதே. அதுக்கு எதுக்கு ப்ரொஜெக்டர்?"

ஆனாலும் முறை என்றால் முறைதான். வெள்ளிக்கிழமை நாலு மணிக்கு நாற்பது பேர் சமோசாவும் கையுமாக உட்கார்ந்துவிட்டார்கள். விளக்கு அணைந்தது. திரையில் கடலோரத்தில் ஒரு சின்ன ஊர். ஒரு பேருந்து வந்து நின்றது. ஓட்டுநர் ஏதோ ஜப்பானிய மொழியில் சொன்னார். கீழே வரி ஓடியது. அரபியில்.

கல்யாணசுந்தரம் ரிமோட்டை அமுக்கினார். அரபி. மறுபடி அமுக்கினார். வரியே போய்விட்டது. இன்னொரு முறை அமுக்க, மீண்டும் அரபி.

"இங்கிலீஷ் மாஃபி" என்று அறிவித்தார். "நிறுத்திட்டுப் பழைய படம் ஏதாவது போட்டுரலாமா?"

ஹாலில் இருந்த பிள்ளைகளுக்குப் பள்ளிக்கூடப் புண்ணியத்தில் அரபி எழுத்துத் தெரியும், அர்த்தம் தெரியாது. கௌரிசங்கருக்கு அர்த்தம் தெரியும், எழுத்துத் தெரியாது. இரண்டு தரப்பையும் சேர்த்துத் தைத்திருந்தால் முழுசாக ஓர் ஆள் கிடைத்திருப்பார். அந்த யோசனை யாருக்கும் வரவில்லை. எல்லாத் தலைகளும் கௌரிசங்கரைப் பார்த்துத் திரும்பின.

"நம்ம கௌரி அண்ணன் இருக்காரே! சூக்கையே வித்துட்டு வர்ற அரபி!" என்றாள் இரண்டாம் வரிசையிலிருந்து வசந்தகுமாரி.

கௌரிசங்கர் மகளைப் பார்த்தார். அவள் முன்வரிசையில் முகம் வாடி உட்கார்ந்திருந்தாள். அல்லது வாடியதுபோல் உட்கார்ந்திருந்தாள். இருட்டில் சரியாகத் தெரியவில்லை.

"மைக்கக் கொண்டாங்கய்யா" என்றார்.

முதல் பத்து நிமிடம் பிரச்சினை இல்லை. ஓட்டுநர் வீட்டுக்கு வந்தார், சீருடையைக் கழற்றி மாட்டினார், மகளுக்குச் சோறு போட்டார். "அப்பன், மகள் மட்டும்தான். அம்மா இல்ல. பொண்ணு பேரு சிஹோ" என்றார் கௌரிசங்கர். பெயரைக் காதில் வாங்கியிருந்தார். ஹால் ஒரு முறை பெருமூச்சு விட்டது. அவருக்குத் தைரியம் வந்துவிட்டது.

அடுத்து பள்ளிக்கூடம், தினமும் பிள்ளைகளே வகுப்பைத் துடைக்கும் ஜப்பான் பள்ளிக்கூடம். பிள்ளைகள் வரிசையாகக் குனிந்து, ஈரத்துணியைத் தரையில் அழுத்திப் பிடித்தபடி வகுப்பறையின் இந்தக் கோடியிலிருந்து அந்தக் கோடிக்கு ஓடினார்கள்.

"லேட்டா வந்ததுக்கு பனிஷ்மெண்ட்" என்றார் கௌரிசங்கர்.

"முப்பது பேருமா லேட்டு?" என்றாள் வசந்தகுமாரி.

"பஸ் லேட்டு. அப்பன்தானே டிரைவர்?"

ஹால் தலையாட்டியது. திரையில் ஆசிரியரும் சட்டைக் கையை மடித்துவிட்டுத் துணியோடு குனிந்தார்.

"வாத்தியாரு ஏண்ணே துடைக்கிறாரு?"

"அவரும் அதே பஸ்ஸுதான்."

முன்வரிசையில் சம்யுக்தா துப்பட்டாவால் வாயைப் பொத்திக்கொண்டாள். ஜெயலட்சுமி மகளை ஒரு பார்வை பார்த்தாள்.

இப்படியே கதை நன்றாக வியாபாரமானது. அவர் சொன்ன கதையில் ஓட்டுநருக்கு ஒரு பங்காளித் தகராறு இருந்தது. எதிர்வீட்டு மீன்காரர் அதில் வில்லன். திரையில் அந்த மீன்காரர் சிஹோவுக்கு ஒரு முழு மீனைச் சும்மா கொடுத்தபோது, "ஐஸ் வைக்கிறான். நம்பாதீங்க" என்று சமாளித்தார். படம் பாதியில் இருக்கும்போது கமலேஸ்வரி வந்து கடைசி வரிசையில் உட்கார்ந்தாள். யாழ்ப்பாணத்துப் பெண், ஒரு கிளினிக்கில் வரவேற்பு டூட்டி. வந்தவள் திரையைப் பார்த்தாள், மைக்கைப் பார்த்தாள், பிறகு சமோசாவைக் கையிலேயே வைத்துக்கொண்டு கௌரிசங்கரையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

அப்போதுதான் அந்தக் காகிதம் வந்தது.

ஆசிரியர் எல்லாருக்கும் ஆளுக்கொரு தாள் கொடுத்தார். மேலே பெயர் எழுத ஒரு கோடு, கீழே மூன்று கட்டங்கள். எல்லாரும் எழுதினார்கள். சிஹோ மட்டும் எழுதவில்லை. மடித்துப் பைக்குள் வைத்தாள். வீட்டில் அப்பா சாப்பிடும்போது பையைத் தொட்டுப் பார்த்தாள், எடுக்கவில்லை. மறுநாளும் எடுக்கவில்லை.

அந்தத் தாளுக்கு மொழிபெயர்ப்பு தேவைப்படவில்லை. கௌரிசங்கரின் குரல் கொஞ்சம் இறங்கியது. "அது... ஸ்கூல்ல குடுத்த ஃபார்ம். அடுத்து என்ன படிக்கப்போறேன்னு எழுதணும்."

"அப்பன்கிட்ட சொல்லிட வேண்டியதுதானே?" என்று யாரோ கேட்டார்கள்.

"பயமா இருக்கும்ல" என்றார் கௌரிசங்கர். சொன்ன பிறகு மைக்கை ஒரு தரம் பார்த்துக்கொண்டார்.

கடைசியில் அப்பனைப் பள்ளிக்கு அழைத்துவிட்டார்கள். வெறும் வகுப்பறை. இரண்டு மேசையைச் சேர்த்துப் போட்டு ஒரு பக்கம் ஆசிரியர், எதிரே சிஹோவும் அப்பாவும். ஓட்டுநர் சீருடையிலேயே வந்திருந்தார், தொப்பியை மடியில் வைத்திருந்தார். சிஹோ எழுந்து நின்று கண்ணீரோடு நிறையப் பேசினாள். கீழே வரி வரியாக அரபி ஓடியது.

"எனக்குப் பிடிச்சதைப் படிக்கிறேங்குது" என்றார் கௌரிசங்கர். அவ்வளவுதான் சொன்னார். அதுவே போதுமாயிருந்தது.

ஓட்டுநர் பேசவில்லை. ஜன்னலைப் பார்த்தார். தொப்பியைத் திருப்பினார். பேரத்தில் மௌனத்தின் மதிப்பு கௌரிசங்கருக்குத் தெரியும். முதலில் வாய் திறப்பவன்தான் இறங்குவான். இந்த ஜப்பான்காரர் லேசில் இறங்குகிற ஆள் இல்லை என்று பட்டது. நாற்பது பேரும் மெல்லுவதை நிறுத்திவிட்டார்கள். ஓட்டுநர் வாயைத் திறந்து, நாலைந்து சொல்தான் இருக்கும், சொன்னார்.

"என்னண்ணே சொல்றான்?" என்றாள் வசந்தகுமாரி.

கௌரிசங்கர் தொண்டையைக் கனைத்தார். "'அதெல்லாம் வேணாம். பேசாம சயின்ஸ் எடு'ங்கிறாரு."

திரையில் சிஹோ அழுதபடியே சிரித்தாள். இடுப்பு வரை குனிந்து அப்பாவை வணங்கினாள்.

"வேணாங்கிறதுக்கா அந்தப் புள்ள சிரிக்குது?" வசந்தகுமாரி விடவில்லை.

"கதை விடாதீங்க கௌரி" என்றார் கல்யாணசுந்தரம். "வாத்தியாரும் கண்ணைத் துடைக்கிறார் பாருங்க."

"இருங்கய்யா, முடிக்க விடுங்க!" கௌரிசங்கர் மைக்கை இரண்டு கையாலும் பிடித்தார். முன்வரிசையில் சம்யுக்தா திரையைப் பார்க்கவில்லை, அவரைத்தான் பார்த்துக்கொண்டிருந்தாள். "'சயின்ஸ் எடுன்னு சொல்லத்தான் டூட்டிய விட்டுட்டு வந்தேன்'ங்கிறாரு. 'ஆனா படிக்கப்போறது நீ. ராவும் பகலும் அந்தப் புஸ்தகத்தோட உக்காரப்போறது நீ. எனக்கு பஸ்ஸு ஓட்டத்தான் தெரியும், உன்னை ஓட்டத் தெரியாது. நீ எழுது. நான் கையெழுத்துப் போடுறேன்.'" மூச்சு வாங்கினார். பழக்க தோஷத்தில் வந்துவிட்டது: "'ஆகிர் கலாம்.'"

ஹால் கைதட்டியது. வசந்தகுமாரி மூக்கைச் சிந்தினாள். படம் முடிந்து விளக்கைப் போட்டார்கள்.

டீக் குவளையோடு ஒதுங்கி நின்றவரிடம் கமலேஸ்வரி வந்தாள். குரலைத் தாழ்த்தினாள்.

"அண்ணை, நல்லாக் கதைச்சனீங்கள். ஆனா அரபியை வலப்பக்கத்தில இருந்தெல்லோ வாசிக்க வேணும்? நீங்கள் மற்றப் பக்கமாத் தலையை ஆட்டினனீங்கள்."

கௌரிசங்கருக்கு டீ சுட்டது. "நீ வாசிப்பியாம்மா?"

"கிளினிக்கில அதுதானே வேலை."

"அப்ப அந்த ஆளு கடைசில என்னதான் சொன்னான்?"

"'மழை வரப்போகுது. குடை கொண்டந்தனியோ?' எண்டு கேட்டவர்."

"அவ்வளவுதானா?"

"அவ்வளவுதான்."

கௌரிசங்கர் டீயை ஊதினார். "நான் சொன்னதும் அதுதான்மா. கொஞ்சம் விரிச்சுச் சொன்னேன்."

"ஓம் அண்ணை, நான் ஒருத்தருக்கும் சொல்லமாட்டன்" என்று சிரித்துவிட்டுப் போனாள்.

திரும்பினால் சம்யுக்தா நின்றாள். ஒரு கையில் நாலாக மடித்த படிவம், இன்னொரு கையில் பேனா.

"இந்தப் படத்த நீ முன்னாடியே பாத்துட்ட" என்றார்.

"ரெண்டு தடவ. ஸ்வாதி வீட்ல. இங்கிலீஷ் சப்டைட்டிலோட."

"அப்ப நீயே மைக்க வாங்கிச் சொல்லியிருக்கலாம்ல?"

"நீங்கதான் நல்லா சொன்னீங்களேப்பா. நாப்பது பேரு கைதட்டினாங்க." படிவத்தை நீட்டினாள். "ஆகிர் கலாம்னும் சொல்லிட்டீங்க."

"அது அந்த ஜப்பான்காரன் சொன்னது."

"ஜப்பான்காரருக்கு அரபி தெரியாதுப்பா."

பக்கத்தில் ப்ரொஜெக்டரைப் பெட்டியில் வைத்துக்கொண்டிருந்த கல்யாணசுந்தரம் நிமிராமலே, "நானும் கேட்டேன்" என்றார்.

கௌரிசங்கர் நெஞ்சைப் பிடித்தார். பத்தொன்பது வருடத்துச் சரக்கு, நன்றாகத்தான் பிடித்தார். "முழுக்க வரலாறுன்னா என் மனசு தாங்காதும்மா. ஒண்ணே ஒண்ணு. கணக்கு வழக்கு மாதிரி ஏதாவது ஒரு சப்ஜெக்ட் சேத்துக்க. எகனாமிக்ஸ். அப்பனுக்காக."

சம்யுக்தா உதட்டைக் கடித்தாள். தரையைப் பார்த்தாள். அம்மாவைப் பார்த்தாள். எவ்வளவு நேரம் முடியுமோ அவ்வளவு நேரம் யோசித்தாள்.

"எகனாமிக்ஸா..." என்று இழுத்தாள். "சரிப்பா. உங்களுக்காக."

ஒரு வாரமாக முறுக்கிக்கொண்டிருந்த மீசை தளர, பேனாவை வாங்கிக்கொண்டு ப்ரொஜெக்டர் பெட்டியின்மேல் படிவத்தை விரித்தார். ஹிஸ்டரி. சைக்காலஜி. மூன்றாவது வரியில் எகனாமிக்ஸ் என்று எழுதியிருந்தது. நீல மையில். மை காய்ந்து பல நாள் ஆகியிருந்தது.

மகளை நிமிர்ந்து பார்த்தார். அவள் ஒன்றுமே தெரியாதவள்போல் சமோசாத் தட்டைப் பார்த்துக்கொண்டிருந்தாள். இதே முகத்தைத்தான் அவர் தினமும் கடை வாசலில் வைத்துக்கொண்டு நிற்பார்.

"ஏங்க, என்ன யோசனை?" என்றாள் ஜெயலட்சுமி.

"ஒண்ணுமில்ல" என்று சொல்லிவிட்டு, தமிழில் பெரிதாகக் கையெழுத்துப் போட்டார்.