பன்னிரண்டு சக்கையப்பம்

மலையேறப் போகும்போது யார் யார் என்ன சாப்பாடு எடுத்து வர வேண்டும் என்று வாட்சப்பில் பட்டியல் போட்டவன் ஆட்டோக்கார பிஜு. ஆரியங்கோட்டில் தினமும் காலையில் சேர்ந்து நடக்கிற பத்துப் பேருக்கு வனத்துறையின் பாஸ் கிடைத்திருந்தது. ஆறாயிரம் அடி உயரம், ஒரே நாளில் ஏறி இறங்க வேண்டும். அவித்த மரச்சீனிக் கிழங்கு பிஜு வீட்டிலிருந்து. தொட்டுக்கொள்ளக் காந்தாரி மிளகாய் அரைத்த சம்மந்தித் துவையல் லிஜா. வறுத்த நெத்திலி ராஜன். இப்படியே ஒன்பது பெயர்களுக்கும் ஒவ்வொரு பண்டம். பத்தாவதாக ஜினி. அந்தப் பெயருக்கு நேரே ஒரு கோடு மட்டும் இருந்தது.

பிஜுவைக் குற்றம் சொல்ல முடியாது. அவன் கேட்கத்தான் செய்தான்.

"அக்கா என்ன கொண்டுவாறிய?"

"அய்யோ, எனக்கு என்னத்த தெரியும் பிஜு? என்னை விட்டிரு" என்றாள் ஜினி.

அவன் விட்டுவிட்டான். அதுதான் வினை. அந்தப் பக்கத்தில் யாராவது எதையாவது கேட்டால், தந்தால், முதலில் வேண்டாம் என்று சொல்வதுதான் மரியாதை. இரண்டாம் தடவை கேட்பார்கள் பாருங்கள், அதுதான் உண்மையான கேள்வி. பால்குடி மறந்த பிள்ளைக்குக்கூட இந்தக் கணக்கு தெரியும். ஆனால் ஜினி பதினெட்டு வருஷம் ரியாத்தில் நர்ஸாக இருந்துவிட்டு வந்தவள். வெளிநாட்டுக்காரி வேண்டாம் என்றால் வேண்டாம்தான் என்று ஊரே முடிவு கட்டியிருந்தது. வந்து இரண்டு வருஷமாகிறது, ஒருவரும் அவளை இரண்டாம் தடவை கேட்டதில்லை.

அப்பாவும் அம்மாவும் இருப்பார்கள் என்று நம்பி அவள் வீடு கட்டினாள். பால்காய்ச்சுக்கு முன்பே இருவரும் போய்விட்டார்கள். சாப்பாட்டு மேசைக்கு எட்டு நாற்காலிகள். அதில் ஒன்று இழுபட்ட இடத்தில் மட்டும்தான் தரையில் கீறல் விழுந்திருக்கிறது.

தனக்கு என்ன வேண்டும் என்பதில் அவளுக்குக் குழப்பமே இல்லை. மலையேறுகிறவன் வயிறு நிறையத் தின்னக் கூடாது, அரை மணிக்கு ஒருமுறை கொஞ்சம் கொஞ்சமாகத் தின்ன வேண்டும். அவித்த முட்டை இரண்டு, பேரீச்சம்பழம் ஆறு, ஒரு பிடி வறுத்த நிலக்கடலை, ஒரு ஆரஞ்சு, உப்புப் போட்ட கஞ்சித்தண்ணீர் ஒரு பாட்டில். டப்பாவில் அடுக்கி மூடினாள். ஒரு ஆளுக்கு, மிகச் சரியாக. அந்தச் சரியைப் பார்க்கப் பார்க்க அவளுக்கு எரிச்சல் வந்தது.

சாயங்காலம் பின்பக்கத்துப் பலாமரத்தில் முதலாவதாகப் பழுத்த, சுளை குழைந்த கூழன் சக்கையை வெட்டினாள். சுளையை மசித்து, வறுத்த அரிசிமாவும் கருப்பட்டியும் தேங்காய்த்துருவலும் ஏலக்காயும் சேர்த்துப் பிசைந்து, மணக்கிற வயணை இலையில் பொதிந்து ஆவியில் வைத்தாள். பத்துப் பேருக்குப் பத்து, வேன் டிரைவருக்கு ஒன்று, வழிகாட்டிக்கு ஒன்று. பன்னிரண்டு சக்கையப்பத்தையும் தூக்குவாளியில் அடுக்கியபோது கல்யாண வீட்டுக்காரி போல அவளுக்குக் கை பரபரத்தது. நாளைக்கு மலை உச்சியில் வாளியைத் திறந்து வைக்கலாம். யாரும் கேட்க வேண்டிய அவசியமே வராது.

மறுநாள் விடிந்ததும் செக்போஸ்டில் வனத்துறை கார்டு சுந்தரதாஸ் பைகளைச் சோதித்தார். பிளாஸ்டிக் உண்டா என்று பார்க்க வந்தவர், தூக்குவாளியைத் திறந்ததும் கண்ணை மூடி ஒரு மூச்சு இழுத்தார்.

"சக்கையப்பமா? இது உள்ள போவாது சேச்சி."

"இலையில பொதிஞ்சது சாரே. பிளாஸ்டிக் ஒண்ணும் இல்ல."

"இலைக்கு இல்ல, மணத்துக்காக்கும். பழுத்த சக்க மணம் கிட்டினா ஆனை விலாசம் விசாரிச்சு வந்திரும். இங்க வச்சிற்றுப் போங்க. இறங்கி வரும்ப எடுக்கலாம்."

எல்லோரும் சிரித்தார்கள். ஜினியும் சிரித்தாள். காட்டுக்குச் சக்கை கொண்டுவந்த ஒரே புத்திசாலி அவள்தான். வாளி செக்போஸ்ட் அறைக்குள் போய்விட்டது. அதோடு அவள் நேற்றிலிருந்து நினைத்து வைத்திருந்ததெல்லாம் உள்ளே போய்விட்டது.

ஏற்றம் லேசுப்பட்டதல்ல. கடைசி ஒரு மணி நேரம் பாறையில் கையூன்றித் தவழ்கிற ஏற்றம். உச்சியில் காற்று ஆளைத் தள்ளியது. ஒரு பாறை மறைவில் எல்லோரும் வட்டமாக உட்கார்ந்து பொதிகளைப் பிரித்தார்கள். மரச்சீனி இந்தப் பக்கம் போனது, நெத்திலி அந்தப் பக்கம் வந்தது. யார் கை யார் இலையில் என்று தெரியவில்லை. ஜினி வட்டத்தின் ஓரத்தில் தன் டப்பாவைத் திறந்தாள்.

"அக்கா, கொஞ்சம் மரச்சீனி?" லிஜா இலையை நீட்டினாள்.

"வேண்டாம் மக்கா, எனக்க கையில உண்டு."

சொல்லிவிட்டுக் காத்திருந்தாள். இன்னொரு தடவை கேட்டால் போதும்.

"அக்கா டயட்டாக்கும்" என்று லிஜா இலையை ராஜன் பக்கம் திருப்பினாள்.

ஜினி முட்டையின் தோட்டை உரித்தாள். உரிக்க உரிக்கக் கண் நிறைந்தது. கண்ணில் காற்று அடிக்கிறது என்று யாரிடமாவது சொல்லலாம்தான். ஆனால் அதையும் யாரும் கேட்கவில்லை. இத்தனை ஜனத்துக்கு நடுவில் உட்கார்ந்து அழுவதைவிட, எட்டு நாற்காலிக்கு நடுவில் உட்கார்ந்து அழுவது எவ்வளவோ மேல் என்று நினைத்தாள்.

இறங்கி முடிக்கச் சாயங்காலமாகிவிட்டது. கொண்டுபோனதெல்லாம் உச்சியிலேயே தீர்ந்துபோயிருந்தது. செக்போஸ்ட் சேரும்போது எல்லோருக்கும் கடும் பசி. சுந்தரதாஸ் வாளியைக் கொண்டுவந்து நீட்டினார்.

"மன்னிக்கணும் சேச்சி. ஒண்ணு தின்னுபோட்டேன். நாள் முழுக்க அந்த மணத்துக்குள்ள இருந்தா நானும் மனுஷன்தானே."

வழிகாட்டிக்கு ஒன்று கொடுத்துவிட்டு ஜினி வேனில் ஏறினாள். இந்தத் தடவை அவள் காத்திருக்கவில்லை. டிரைவருக்குக் கொடுத்தாள், ஒவ்வொரு சீட்டாகப் போனாள்.

"வேண்டாம் அக்கா" என்றான் பிஜு.

"எடு பிஜு."

"வயிறு சரியில்ல அக்கா."

"எலே, எடுக்கியா இல்லையா?"

எடுத்தான். இரண்டே கடியில் காலி. ராஜன் இலையை நக்கினார். "கொள்ளாமே, நல்லா இருக்கே, இத யாரு உண்டாக்கினது?" என்று பின்சீட்டிலிருந்து ஒரு குரல். வேன் முழுக்க வயணை மணம். கடைசியாக லிஜாவுக்குக் கொடுத்துவிட்டுப் பார்த்தால் வாளி காலி. கார்டு தின்றது ஜினியுடைய பங்கு.

அவள் வாளியை மூடி மடியில் வைத்துக்கொண்டாள். வயிறு பசித்தது. ஆனாலும் நிறைவாக இருந்தது.

"அக்கா, நீங்க எடுத்தியளா?" என்றாள் பக்கத்துச் சீட்டிலிருந்த லிஜா.

"எடுத்தேன் மக்கா."

லிஜா வாயருகே கொண்டுபோன அப்பத்தை அப்படியே நிறுத்தினாள். ஜினியின் மடியில் இருந்த வாளியைப் பார்த்தாள், முகத்தைப் பார்த்தாள்.

"உள்ளதச் சொல்லுங்க. எடுத்தியளா?"

ஜினி வெளியே பார்த்தாள். ஆரியங்கோடு வரப்போகிறது, இறங்க வேண்டும், வீட்டைத் திறந்து விளக்குப் போட வேண்டும். எல்லாம் அப்படியேதான் இருக்கும்.

"இல்ல" என்றாள்.

லிஜா அப்பத்தைப் பிய்த்து, பெரிய துண்டை அவள் கையில் வைத்தாள்.