தலைவர் வீட்டு ஜன்னல்

அந்தக் குடியிருப்பில் தலைவர் என்றால் ஒருவர்தான். சங்கத்துக்குத் தேர்ந்தெடுக்கப்பட்டு ஒரு வருடம்தான் ஆகிறது என்றாலும், பிறக்கும்போதே தலைவராகத்தான் பிறந்தோம் என்று அவருக்கு ஓர் எண்ணம். லிஃப்டில் ஏறினால்கூட நட்டநடுவில்தான் நிற்பார். கட்டிய மனைவியே அவரைத் 'தலைவரே' என்றுதான் கூப்பிடுவாள். அதிலிருந்த நக்கல் கட்டடம் முழுக்கக் கேட்கும், அவர் காது ஒன்றைத் தவிர.

அவருடைய ஆட்சியின் ஒரே சாதனை ஜன்னல் விதி. தெருவிலிருந்து பார்த்தால் எல்லா வீட்டு பிளைண்ட்ஸும், அதாவது ஜன்னலில் தொங்கும் பட்டைத் திரைகளும், சாம்பல் நிறத்தில் தெரிய வேண்டும். கீழ்வீட்டுப் பல் டாக்டரம்மா ஆசை ஆசையாக மாட்டியிருந்த சிவப்பு பிளைண்ட்ஸை, "கட்டடத்து மூஞ்சிக்கு லிப்ஸ்டிக் பூசின மாதிரி இருக்கு" என்று கூட்டத்தில் வைத்தே சொல்லிக் கழற்ற வைத்தார். டாக்டரம்மா சிரித்துக்கொண்டே கழற்றினார். பல் பிடுங்கும் இடுக்கியைக் கையில் எடுக்கும்போது சிரிப்பாரே, அந்தச் சிரிப்பு. இந்தத் தடவை தலைவர் பதவிக்கு அவரும் நிற்கிறார்.

ஞாயிற்றுக்கிழமை சாயங்காலம் தேர்தல். அதற்கு முன்பு எல்லோரும் தெருவில் நின்று கட்டடத்தை அண்ணாந்து பார்ப்பது என்றொரு நிகழ்ச்சியைத் தலைவரே சேர்த்திருந்தார். சாதனையைப் பார்த்த கையோடு ஓட்டு விழும் என்பது அவர் கணக்கு.

அன்று காலையில்தான் மனைவி மெதுவாக ஆரம்பித்தாள்.

"ஊருக்கெல்லாம் சாம்பல் பூசிட்டீங்க. நம்ம வீட்டு ஜன்னலுக்கு மட்டும் மஞ்சக்காமாலை அப்படியே இருக்கே, தலைவரே?"

தலைவர் திரும்பிப் பார்த்தார். சத்தியமான மஞ்சள். விதி போட்டவருக்கு விதியை ஞாபகப்படுத்த ஊரில் ஒருவருக்கும் துணிச்சல் வரவில்லை. அவருக்கோ ஞாபகமே வரவில்லை.

"புதுசு வாங்கி மாட்டிடலாமே அத்தான்?" என்றான், விருந்தாளியாக வந்து சோபாவை நிரந்தரமாக ஆக்கிரமித்திருந்த மைத்துனன்.

"வாங்கறதுக்கு எதுக்குடா மூளை? இருக்கறதை மாத்தறவன்தான் நிர்வாகி."

ஒரு மணி நேரத்தில் ஒரு பை நிறைய ஸ்ப்ரே பெயிண்ட் டப்பாக்களுடன் திரும்பினார். மனைவியின் குளியல் தொப்பியைத் தலையில் மாட்டி, நீச்சல் கண்ணாடியையும் போட்டுக்கொண்டு, டப்பாவைக் குலுக்கியபடி ஜன்னல் முன் நின்றார். போருக்குப் போகும் தவளை மாதிரி இருந்தது.

"கழட்டி மொட்டை மாடிக்குக் கொண்டுபோய்..." என்று மனைவி இழுத்தாள்.

"கழட்டி மாட்டறதெல்லாம் வேலையாளுங்க சமாச்சாரம்."

பட்டைகள் எல்லாவற்றையும் இறுக மூடினார். தொங்கிய நிலையிலேயே மேலிருந்து கீழாக அடித்தார், குறுக்கே அடித்தார், பத்தாது என்று இன்னொரு பூச்சும் அடித்தார். பெயிண்ட் வழிந்து பட்டைக்கும் பட்டைக்கும் நடுவே இறங்கியது. சுவர்க் கடிகாரத்தில் பாதி சாம்பலானது. மைத்துனனின் தலைமுடி பத்து வயது கூடியது.

"அத்தான், அந்தப் பக்கம்..."

"அந்தப் பக்கம் இந்தப் பக்கம்னு இழுக்கறவன் எந்தப் பக்கமும் உருப்பட மாட்டான். சோபாவுல உட்கார்ந்து பாரு. எப்படி இருக்கு?"

சோபாவிலிருந்து பார்க்க ஒரு குறையும் இல்லை. தலைவர் சாயங்காலம் வரை அங்கிருந்தேதான் பார்த்துக்கொண்டிருந்தார்.

தெருவில் எல்லோரும் கூடினார்கள். தலைவர் கட்டடத்துக்கு முதுகைக் காட்டி நின்று, ஒழுங்கைப் பற்றி ஒழுங்கில்லாமல் பேசினார். பிறகு திரும்பாமலேயே கையை மேலே வீசினார். "பாருங்க! ஒரே நிறம்! ஒரே மனசு!"

யாரும் கை தட்டவில்லை. யாரோ தும்மினார்கள். அது தும்மல் இல்லை, அடக்கிய சிரிப்பு என்று தெரிந்து அவர் திரும்பினார்.

வரிசை வரிசையாகச் சாம்பல். நடுவில், அவர் வீட்டு ஜன்னலில் மட்டும், பழுத்த மஞ்சள். அவர் பூசியது வீட்டுக்குள் பார்க்கும் பக்கத்தை.

வாய் பேச வராமல் திறந்து மூடியது. "நல்லாத் திறந்து சொல்லுங்க சார்" என்றார் டாக்டரம்மா, தொழில் கனிவோடு.

தலைவருக்கு மின்னலாக ஒன்று தோன்றியது. ஓரத்தில் தொங்கும் குச்சியைத் திருகிப் பட்டைகளை அப்படியே மறுபக்கம் புரட்டினால் சாம்பல் வெளியே வந்துவிடும்! "ஏம்மா!" என்று மேலே வீட்டிலேயே இருந்த மனைவியைக் கூப்பிட்டுக் கத்தினார். "அந்தக் குச்சியைத் திருப்பு! முழுசாத் திருப்பு!"

"திரும்ப மாட்டேங்குதே, தலைவரே! ஒண்ணோட ஒண்ணு ஒட்டிக்கிச்சு!"

"பலமாத் திருப்பு! உன் தம்பியையும் பிடிக்கச் சொல்லு!"

அக்காவும் தம்பியும் சேர்ந்து பிடித்தார்கள். முதலில் ஒரு முனகல். அடுத்து ஒரு முறிவு. ஒட்டிப்போன பட்டைகள் மேல்சட்டத்தோடு ஒரே பலகையாகப் பெயர்ந்து உள்ளே விழுந்தன. திரை விலகிய மேடை போல வீடு தெரிந்தது. ஜன்னலைச் சுற்றிச் சுவரெல்லாம் சாம்பல் புகை, அரைக் கடிகாரம், கையில் உடைந்த குச்சியுடன் மனைவி, பக்கத்தில் திடீர் முதுமை எய்திய மைத்துனன்.

"விதியை மீறலைங்க, பாவம்" என்றது கூட்டத்தில் ஒரு குரல். "உள்ளே எல்லாமே சாம்பல்தான்."

வாக்கெடுப்பு சீக்கிரம் முடிந்தது. மனைவியும் இறங்கி வந்து, கையிலிருந்த குச்சியைச் சுவரில் சாத்திவிட்டு ஓட்டுப் போட்டாள். எண்ணியபோது தலைவருக்கு விழுந்திருந்தது ஒரே ஒரு ஓட்டு. அது யார் போட்டது என்று அவருக்கு நன்றாகத் தெரியும்.

மேலே வந்தபோது மனைவி, மொட்டை ஜன்னல் ஓரம் நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்திருந்தாள்.

"நீ யாருக்குப் போட்டே?"

"ரகசிய ஓட்டுன்னு விதி போட்டது நீங்கதானே?"

அவர் நின்றுகொண்டே இருந்தார். கீழ்வீட்டில் எதையோ சுவரில் அடித்து மாட்டும் சத்தம் கேட்டது. எட்டிப் பார்க்காமலே அதன் நிறம் அவருக்குத் தெரிந்தது.

"வந்து உட்காருங்க. டீ ஆறுதுங்க" என்றாள் மனைவி.

தலைவரே என்று சொல்லவில்லை.