பூட்டிய அறையும் நீண்ட தெருவும்

நூலகத்தைப் பூட்டிய மறுநாள் முதல் ஊரில் வீடுகளுக்கு இடையிலான தூரம் கூடத் தொடங்கியது. முதலில் கண்டுபிடித்தவர் பால்காரர். ஒரு வீட்டில் ஊற்றிவிட்டு அடுத்த வீட்டுக்குப் போவதற்குள் கேனில் பால் திரிந்துவிட்டது. முகம் மழித்துக்கொண்டு சலூனிலிருந்து கிளம்பியவர்கள் தாடியோடு வீடு சேர்ந்தார்கள். நில அளவையாளர் வந்து சங்கிலி போட்டுப் பார்த்தார். வரைபடத்தில் இருந்த அதே அளவுதான் வந்தது. "தெரு சரியாத்தான் இருக்கு. நீங்கதான் மெதுவா நடக்குறீங்க" என்று சொல்லிவிட்டுப் போனவருக்கு, ஊர் எல்லையைத் தாண்டுவதற்குள் செருப்பு தேய்ந்துபோனது.

தையல்காரிக்கு இது மற்றவர்களைவிடப் பெரிய தொல்லை. எதிர்ச்சாரியில் அவளுடைய அக்கா தனியாக இருந்தாள், அவளுக்கு மூச்சிரைப்பு. முன்பெல்லாம் அங்கே இருமல் சத்தம் மாறினால், தையல்காரி மெஷின் மிதியிலிருந்து காலை எடுத்த சூட்டில் அக்காவின் கட்டிலருகே நிற்பாள்.

நூலகம் என்று சொன்னாலும் அது ஒரே அறை. தெருவின் இரண்டு சாரிக்கும் நடுவே இருந்த சந்தில், தங்கைக்கு முன்கதவையும் அக்காவுக்குப் பின்கதவையும் காட்டிக்கொண்டு நின்றது. மழை வந்தால் கூரை ஒழுகும் என்பதால் புத்தகங்கள் வீடுகளில்தான் இருக்கும். படித்து முடித்தவர் நூலகத்தில் திருப்பிக் கொடுக்கமாட்டார். அடுத்து யார் கேட்டிருந்தாரோ அவர் வீட்டுக்கே கொண்டுபோவார். போனவர் கொஞ்சம் உட்காருவார். யாருக்குக் காய்ச்சல், எந்த வீட்டில் அடுப்பு எரியவில்லை, எந்த அண்ணனும் தம்பியும் பேசிக்கொள்வதில்லை என்பதெல்லாம் தெரிந்த பிறகுதான் எழுந்திருப்பார். எந்தப் புத்தகம் எங்கே இருக்கிறது என்று நூலகரைக் கேட்டால் கையை விரிப்பார். ஊரைக் கேட்டால் சொல்லும்.

ஆய்வுக்கு அதிகாரி வருவதாகத் தகவல் வந்தபோது, யோசனை சொன்னது அக்காதான். "அலமாரி காலியா கிடந்தா நம்மளப் பத்தி என்ன நெனப்பாரு? வீட்டுக்கு ஆள் வந்தா பெருக்கி வைக்கிறதில்லையா?" ஊருக்கும் அது நியாயமாகப் பட்டது. எல்லா வீட்டிலிருந்தும் புத்தகங்கள் திரும்பின. கிழிந்த முதுகுகளைத் தையல்காரி தைத்துக் கொடுத்தாள்; மடிந்த பக்கங்களுக்கு இஸ்திரி போட்டாள். உயர வாரியாக அடுக்கி வைத்து, அழகு பார்த்தார்கள்.

அதிகாரி நிரம்பிய அலமாரிகளைப் பார்த்தார். ஒரு புத்தகத்தைப் பிரித்தார், மூடினார். "ஒண்ணுகூட வெளிய போகல. ஒரு பக்கம்கூடக் கசங்கல. இங்க யாரு படிக்கிறாங்க?"

"நாங்கதாங்க. உங்களுக்காகத்தான் எல்லாத்தையும் அடுக்கி வச்சோம்" என்றாள் அக்கா.

"அதத்தாம்மா நானும் சொல்றேன்" என்றவர், அன்றைக்கே இரண்டு கதவையும் பூட்டச் செய்தார். புத்தகங்கள் உள்ளே சிக்கிக்கொண்டன. கொண்டுபோய்க் கொடுக்க ஒன்றும் இல்லாததால், யாரும் யார் வீட்டுக்கும் போகவில்லை. தெரு நீண்டது.

அடுத்த கோடையில் அக்காவின் வீடு தீப்பெட்டி அளவுக்குத்தான் தெரிந்தது. காலையில் கூப்பிட்டால் சாயங்காலம் கேட்டது. தையல்காரி வாரம் ஒருமுறை தண்ணீர் பாட்டிலோடு கிளம்பிப் போய்ப் பார்த்துவிட்டு வருவாள். ஒருமுறை அவள் போய்ச் சேர்ந்தபோது அக்கா நீலம் பாரித்த உதட்டோடு சிரித்தாள். "வந்துட்டியா? போன மூச்சு திரும்பி வந்தே ரொம்ப நேரமாச்சு."

நூலகம் மட்டும் நகரவில்லை. எந்த வீட்டிலிருந்து பார்த்தாலும் பழைய தூரத்திலேயே இருந்தது. ஆனால் அது அரசாங்கப் பூட்டு. தொட்டால் கேஸாகிவிடும் என்று பயந்து ஊர் அந்தப் பக்கம் திரும்பாமல் இருந்தது.

மழைக்காலத்தின் ஒரு மதியம், ரவிக்கைக்குக் கை வைத்துக்கொண்டிருந்த தையல்காரியின் காதில் அக்காவின் கூப்பாடு வந்து விழுந்தது. அது எப்போது கிளம்பிய சத்தமோ தெரியவில்லை. தெருவழியாக ஓடினால் பிணத்தைத்தான் பார்க்க முடியும். நூலகத்துக்குள் புகுந்து குறுக்கே போனால் கொஞ்ச தூரமாவது மிச்சமாகும் என்று நினைத்தாள். இஸ்திரிப் பெட்டியைத் தூக்கிக்கொண்டு ஓடி, முன்கதவுப் பூட்டை அடித்தாள். பால்காரர் பதறினார். "அம்மா, உன்னைப் பிடிச்சுட்டுப் போயிடுவாங்க!"

"இந்தத் தெருவுல நடந்துதான வரணும்? வரட்டும்!"

அலமாரிகளுக்கு நடுவே ஓடிப் பின்கதவையும் உடைத்துத் திறந்தாள். வெளியே சந்து இல்லை. அக்காவின் கட்டில் இருந்தது. மருந்துக்குழல் கட்டிலடியில் உருண்டு கிடந்தது. எடுத்து வாயில் வைத்து அழுத்தி, முதுகைத் தாங்கி நிமிர்த்தி உட்காரவைத்தாள். நெடுநேரம் கழித்து அக்காவுக்குப் பேச்சு வந்தது.

"ஏன்டி, இவ்வளவு தூரம் வந்தவ ஒரு புத்தகம் எடுத்துட்டு வரக்கூடாதா?"

தெரு அதற்குப் பிறகும் சுருங்கவில்லை. யார் வீட்டுக்குப் போக வேண்டுமானாலும் நூலகத்துக்குள் நுழைந்து பின்கதவைத் திறக்கிறார்கள். நினைத்த வீடு அங்கே இருக்கிறது. வெறுங்கையோடு போவதில்லை. பூட்டை உடைத்த செய்தி அலுவலகத்துக்கும் எட்டி, புதுப் பூட்டோடு ஓர் ஆளை அனுப்பினார்கள். அவர் பஸ்ஸிலிருந்து இறங்கித் தெருவில் நடந்துகொண்டிருக்கிறார். முதலில் எறும்பாகத் தெரிந்தவர், மழைக்கு மழை கொஞ்சம் பெரிதாகிறார். இப்போது கையிலுள்ள பூட்டு வெயிலில் மின்னுவதுவரை தெரிகிறது. வந்து சேரும்போது களைத்திருப்பார் என்பதால், நூலக வாசலில் ஒரு நாற்காலியும், குடிக்கத் தண்ணீரும், படிக்க ஒரு தடித்த புத்தகமும் வைத்திருக்கிறார்கள்.