நாற்பத்தொரு நாள்

முழுக்கைச் சட்டையாகக் கொண்டு வரும்படி சவ அடக்கக்காரர் சொல்லியிருந்தார். வெர்னா அரைக்கைச் சட்டையைத்தான் இஸ்திரி போட்டு எடுத்துப் போனாள். கையில் ஊசித் தழும்புகள் தெரியுமே என்று அவர் தயங்கினார். தெரியட்டும் என்றாள். தம்பி டுவைட் கடைசி நாற்பத்தொரு நாளும் அரைக்கையில்தான் திரிந்தான். அதற்கு முன் பன்னிரண்டு வருஷம் கொளுத்தும் வெயிலிலும் கையை மூடியே வைத்திருந்தவன்.

நிலக்கரிச் சுரங்கத்தில் கூரை சரிந்து முதுகு நொறுங்கியபோது வலி மாத்திரையில் ஆரம்பித்தது. மாத்திரை போதை ஊசியானது. கென்டக்கியில் மூன்று சிகிச்சை இடங்களில் சேர்த்துப் பார்த்தும் நிற்கவில்லை. கடைசியில் வெர்னா வேலைக்கு லீவு போட்டு, எல்லை தாண்டி மெக்சிகோவுக்கு அழைத்துப் போனாள். அங்கே ஆப்பிரிக்க வேர் ஒன்றிலிருந்து எடுத்த மருந்தைக் கொடுத்தார்கள். மார்பில் வயர்களோடு ஒன்றரை நாள் கண்மூடிக் கிடந்தான். எழுந்தபோது நடுக்கம் இல்லை. பசிக்கிறது என்றான்.

"கனவுல நம்ம அப்பா வந்தாரு, அக்கா. உடம்பெல்லாம் சுரங்கத் தூசி. திட்டுவாருன்னு பாத்தேன். பக்கத்துல உக்காந்து பூட்ஸைக் கழட்டினாரு."

கிளம்பும்போது டாக்டர் இருவரையும் உட்கார வைத்துச் சொன்னார்: உடம்பு இப்போது பழைய அளவு ஊசியைத் தாங்காது, ஒரே ஒரு தடவை போதும், உயிர் போய்விடும். டுவைட் தலையாட்டினான். வெர்னா மறுபடி சொல்லச் சொல்லிக் கேட்டுக்கொண்டாள்.

நாற்பத்தொன்றாம் நாள், செவ்வாய்க்கிழமை, அவனுக்கு முதுகு பிடித்துக்கொண்டது. அவள் தைலம் வாங்கக் கடைக்குப் போனாள். போய் வர அரைமணி நேரம்கூட ஆகவில்லை. குளியலறைக் கதவை இடித்துத்தான் திறக்க வேண்டியிருந்தது.

கல்லறைத் தோட்டத்தில் சித்தப்பா மகன் ரஸ்டி, மெக்சிகோ மருந்துதான் அவனைக் கொன்றது என்று நாலு பேரிடம் சொல்லிக்கொண்டிருந்தான். வெர்னா அவன் பக்கத்தில் போய் நின்றாள்.

"இல்ல ரஸ்டி. அதாலதான் நாப்பத்தொரு நாள் என் தம்பி வீட்ல இருந்தான்."

ரஸ்டி தொப்பியைக் கழற்றிக்கொண்டான்.

வீடு திரும்பியபோது அக்கம்பக்கத்தார் கொண்டு வந்து வைத்த சாப்பாடு மேசை முழுக்க ஆறிக் கிடந்தது. போன் அடித்தது. மெக்சிகோ ஆஸ்பத்திரி நர்ஸ் மாரிசெலா. வெள்ளிக்கிழமை தோறும் விசாரிப்பவள். அவளுக்கு யாரும் தகவல் சொல்லியிருக்கவில்லை.

"டுவைட் எப்படிம்மா இருக்காரு? சாப்பிடுறாரா?"

வெர்னா நாற்காலியைப் பிடித்துக்கொண்டாள்.

"சாப்பிடுறான்."

"தூக்கம்?"

"தூங்குறான்."

மாரிசெலாவுக்கு ரொம்பச் சந்தோஷம். மறுமுனையில் பேனா எழுதும் சத்தம் கேட்டது. அது நிற்கும்வரை வெர்னா போனைக் காதோடு வைத்திருந்தாள்.