ஐந்து புள்ளி மூன்று கிராம்

முலாம் பூசும் அந்த ஆலையில், சோதனைக்கூட வேலைக்குத் தேர்வு வைத்தால் தாளில் மதிப்பெண் போடுகிற வழக்கம் இல்லை. முன்னால் ஒரு பீக்கரில் அமிலத்தை வைப்பார்கள். அதை முறிக்க எவ்வளவு சலவைச் சோடா வேண்டும் என்று கணக்குப் போட்டு, நிறுத்து, மொத்தத்தையும் ஒரே தடவையில் கொட்ட வேண்டும். பிறகு நிறத்தாளைத் தோய்ப்பார்கள். பச்சை வந்தால் வேலை. அமிலம் மிஞ்சிச் சிவப்பு வந்தாலும், சோடா மிஞ்சி நீலம் வந்தாலும் வந்த வழியே திரும்ப வேண்டியதுதான். கழிவுத் தொட்டியில் கொட்டியதை யாரும் அழித்து எழுத முடியாது என்பது அவர்கள் நியாயம்.

அந்த மேசையில் அதுவரை வேலை பார்த்தவர், இந்தத் தடவை தேர்வுக்குப் போகிறவளின் கணவர். ஒரு காலைப்பொழுதில் நெஞ்சைப் பிடித்துக்கொண்டு சாய்ந்தவர் எழுந்திருக்கவில்லை. இடம் மனைவிக்கு, அவள் தேறாவிட்டால் அதே தேர்வு அவருடைய தம்பிக்கு என்று நிர்வாகம் சொல்லிவிட்டது. தம்பி அதே ஆலையில் அமிலத் தொட்டியடியில் நிற்பவன். புகையைக் குடித்துக் குடித்து, ஆளுக்கு முன்னால் இருமல் வீட்டுக்குள் வரும். தொட்டியை விட்டு மேலே ஏற அவனுக்கு இருந்த ஒரே படி அந்த மேசைதான். அப்படியிருந்தும் அண்ணிக்குக் கணக்குச் சொல்லித்தர அவனே வந்து உட்கார்ந்தான். அண்ணனோடு வேதியியல் மாலை வகுப்புக்குப் போய்ப் பாதியில் விட்டவன் அவன்.

"சமன்பாட்ட பாருங்க அண்ணி. ரெண்டு அமிலம், ஒரு சோடா."

"அப்போ ரெண்டு கிராம் அமிலத்துக்கு ஒரு கிராம் சோடா. இதுல என்ன கஷ்டம்?"

அவன் தலையில் கை வைத்துக்கொண்டான். "ரெண்டு செருப்புக்கு ஒரு ஆளு. சரியா? அதுக்காக ஒரு தட்டுல ஆளையும் இன்னொரு தட்டுல செருப்பையும் வச்சா தராசு என்ன ஆகும்?"

"உன்ன வச்சா சமமாத்தான் நிக்கும். ஊதுனா பறக்குற ஆளு நீ."

"நக்கலுக்குக் கொறச்சல் இல்ல. அந்த ரெண்டு, ஒண்ணுங்கிறது எண்ணிக்கை அண்ணி, எடை இல்ல. மொதல்ல மோல்ல எண்ணுங்க, டஜன் மாதிரி அது ஒரு எண்ணிக்கை. அப்புறமா எடைக்கு மாத்துங்க."

அது மண்டையில் ஏற வெகுநாள் பிடித்தது. சமையலறை மேடையில் பழைய தராசை வைத்து, அவன் வாங்கி வந்த வெள்ளைத் தூளை நிறுத்து நிறுத்துப் பழகினாள். ஒரு மோல் சோடா நூற்றாறு கிராம் என்பது தூக்கத்தில் எழுப்பிக் கேட்டாலும் வாயில் வந்தது.

தேர்வன்று ஆலையின் கெமிஸ்ட் கதவைச் சாத்திவிட்டு மணல் கடிகாரம் ஒன்றைத் திருப்பி வைத்தார். நூறு மில்லி அமிலம், லிட்டருக்கு ஒரு மோல். அவள் கணக்கை எழுதத் தொடங்கினாள். அமிலம் பத்தில் ஒரு பங்கு மோல். சோடா அதில் பாதி. நூற்றாறை இருபதால் வகுத்தாள். ஐந்து புள்ளி மூன்று கிராம்.

சோடா பாட்டிலைத் திறந்தாள். உள்ளே தூள் இல்லை. கண்ணாடிச் சில்லுகள் போலக் கட்டிகள். எப்படியோ ஐந்து புள்ளி மூன்றை நிறுத்துவிட்டாள். பீக்கரின் மேல் தட்டைச் சாய்க்கப் போனபோது விரலில் ஈரம் பிசுபிசுத்தது. தட்டைக் கீழே வைத்தாள். லேபிளைத் திருப்பிப் பார்த்தாள். சோடாவின் பெயருக்குப் பின்னால் ஒரு புள்ளி, பத்து, தண்ணீர்.

கட்டிக்குள்ளேயே தண்ணீர். ஒரு சோடாவுக்குப் பத்து என்றால், தண்ணீருக்கு நூற்றெண்பது சேர்த்து, மோலின் எடை இருநூற்று எண்பத்தாறு. அப்படியானால் பதினான்கு புள்ளி மூன்று கிராம் வேண்டும். கிட்டத்தட்ட மூன்று மடங்கு.

இதை ஏன் அவன் சொல்லவே இல்லை?

கேள்வி எழுந்ததும் தம்பியின் முகம் கண்முன் வந்தது. இத்தனை நாளும் தூளையே கொண்டுவந்து கொடுத்தவன். அவள் தோற்றால் அடுத்து உள்ளே வரப் போகிறவன். சாப்பிட்டாயா என்று கேட்டு வாசல்வரை கொண்டுவந்து விட்டவன்.

"சார், ஒரு கேள்வி..."

"கேக்கக் கூடாதும்மா. நேரம் போகுது." அவர் நிமிரவில்லை.

பதினான்கு புள்ளி மூன்று என்று எழுதினாள். எழுதிய பிறகும் மனசு ஒப்பவில்லை. பல கட்டிகளின் மேல் வெள்ளைப் பூச்சு படிந்திருந்தது. மூடி லூசாக இருந்த பாட்டில். தண்ணீரில் கொஞ்சம் ஏற்கெனவே ஓடிப்போயிருக்கிறது. மிச்சம் ஒன்பதா, ஏழா, யாருக்குத் தெரியும்? லேபிளை நம்பினால் நீலம். பழகியதை நம்பினால் சிவப்பு.

பர்னர் கண்ணில் பட்டது. எத்தனை தண்ணீர் என்று தெரிய வேண்டியதே இல்லையே, மொத்தத்தையும் விரட்டிவிட்டால்!

ஒரு பீங்கான் கிண்ணம் நிறையக் கட்டிகளை அள்ளிப்போட்டு அடுப்பேற்றினாள். கட்டிகள் தம் தண்ணீரிலேயே கரைந்து கொதித்தன, தெறித்தன, மெல்ல வெளுத்தன. ஆறவைத்து நிறுத்தாள். மறுபடி சூடாக்கி, ஆறவைத்து நிறுத்தாள். எடை இன்னும் குறைந்திருந்தது. தண்ணீர் மிச்சம் இருக்கிறது. கடிகாரத்தின் மேல்குடுவையில் மணல் குழிந்துவிட்டது. மூன்றாம் முறை ஏற்றினாள். கெமிஸ்ட் எழுந்து வந்து பக்கத்தில் நின்றார். அவர் மூச்சு அவள் காதில் கேட்டது. இந்தத் தடவை முள் முன்பு நின்ற இடத்திலேயே நின்றது. அந்த வெள்ளைத் தூளில் ஐந்து புள்ளி மூன்று கிராமை நிறுத்துக் கொட்டினாள்.

பீக்கர் சீறி நுரைத்தது. கடைசி மணல் விழுந்தது. நுரை அடங்கியதும், கரைந்திருந்த வாயு போக அவர் ஒரு கொதி விட்டு, ஆறவைத்து, தாளைத் தோய்த்து வெளிச்சத்தில் பிடித்தார். அவள் தாளைப் பார்க்கவில்லை. அவர் முகத்தைப் பார்த்தாள்.

"பச்சை. திங்கக்கிழமை வந்துருங்க."

வாசலில் தம்பி இருமிக்கொண்டு நின்றான். "என்னாச்சு அண்ணி? சொல்லுங்க!"

அவள் முடிவைச் சொல்லவில்லை. நேராகக் கேட்டாள். "சோடாக் கட்டிக்குள்ள தண்ணி இருக்கும்னு உனக்குத் தெரியுமா தெரியாதா?"

"எந்தத் தண்ணி? கட்டி காஞ்சுதானே இருக்கும்?" விழித்தான். கேள்வியே புரியாதவனின் முழி. மாதக்கணக்கில் அவள் முகத்திலேயே அந்த முழி இருந்தது. அதை யாராலும் நடிக்க முடியாது. பாதியில் விட்ட வகுப்பு அந்தப் பாடத்தைத் தொட்டிருக்கவில்லை.

"பச்சைதான்டா," என்றாள்.

அவன் சிரித்தான். சிரிப்பு இருமலாகி, குனிந்து முட்டியைப் பிடித்துக்கொண்டான். அவள் முதுகைத் தடவிக் கொடுத்தாள். நடந்ததையெல்லாம் சொல்லச் சொல்ல அவன் முகம் மாறியது. ஆலைச் சுவரோரமாகக் கொஞ்ச தூரம் நடந்தார்கள்.

"என்னைச் சந்தேகப்பட்டீங்களா அண்ணி?"

பொய் நாக்கு வரைக்கும் வந்தது. "ஆமா."

"எவ்வளவு நேரம்?"

"வாசல்ல நீ முழிக்கிற வரைக்கும்."

அவன் தலையசைத்துக்கொண்டான். சங்கு ஊதியது. அவனுடைய ஷிஃப்ட். கையுறைகளை மாட்டிக்கொண்டு தொட்டிப் பக்கம் திரும்பி நடந்தான். அவன் இருமல் மறையும் வரை அவள் அங்கேயே நின்றாள்.